எங்கள் தெருவின் வெளிநாட்டவர்

தடித்த வெள்ளை உறை அது. ஓரத்தில் நீலமும் சிவப்பும் கோடு போட்ட விமானத் தபால். புதுச்சேரி உப்பளத்தில் எங்கள் தெருவுக்கு அப்படிப்பட்ட கடிதம் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் வரும். எங்கள் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் மூன்றாவது வீடு. அந்த வீட்டுக்காரர் நூற்பாலையில் ஃபிட்டர் வேலை பார்த்தார். தெருவே அவரை ஃபிட்டர் என்றுதான் அழைக்கும். எனக்கு ஃபிட்டர் அண்ணன். எழுபதுகளின் பிற்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கையெல்லாம் கிரீஸாக, அந்த உறையின் ஒரு முனையை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். "பாப்பா, நீ காலேஜில பிரெஞ்சு எடுத்துப் படிச்சியே, இதுல என்னா எழுதியிருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு" என்றார். நான் அப்போது படிப்பை முடித்துவிட்டு ஆசிரியை வேலைக்குக் காத்திருந்தேன். அவருக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட. நான் என்னவானாலும் அவருக்குப் பாப்பாதான்.

கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். தெற்குப் பிரான்சில் ஏதோ ஓர் ஊர். அந்த ஊர் மேயர் பதவிக்குப் போட்டியிடும் ஒருவர் எழுதியிருந்தார். ஊர் நடுவே ஓடும் வாய்க்கால் கோடையில் நாறுகிறது, மக்கள் ஜன்னலைத் திறக்க முடியவில்லை, நான் வெற்றி பெற்றால் அதைத் தூர்வாரி இரண்டு கரையிலும் மரம் நடுவேன், ஒவ்வொரு தெருவின் கருத்தையும் கேட்காமல் எதையும் செய்யமாட்டேன், ஆகவே உங்கள் பொன்னான வாக்கை எனக்கே அளியுங்கள் என்று. நான் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "எந்த ஊரு வாய்க்காலு?" என்று இன்னொரு தடவை கேட்டார். சொன்னேன். "அந்த ஊரு எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியாது பாப்பா. அந்த வாய்க்காலுக்கு என்னைக் கேக்கறான். நம்ம தெருக்கோடியில ஒண்ணு நாறுதே, அதுக்கு எவனாவது என்னைக் கேட்டானா?"

அவருக்கு அந்த ஊரில் ஓட்டு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அண்ணனின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். இந்தோசீனாவில் சண்டை போட்டுவிட்டு வந்தவர். புதுச்சேரியில் அவர்களை சொல்தா என்போம். பிரெஞ்சுக்காரன் ஊரைவிட்டுப் போய், ஊரை இந்தியாவுக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் அறுபதுகளின் தொடக்கத்தில் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, இங்கே பிறந்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். சொல்தா எழுதிக் கொடுத்தார். அப்பா எழுதினால் சின்னப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். அண்ணனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவரை யாரும் கேட்கவில்லை. உப்பளத்தில் பிறந்து, உப்பளத்து மண்ணில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்த ஒருவர், ஒரு சாயங்காலம் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது வெளிநாட்டவர் ஆகியிருந்தார். பின்னாளில் யாரோ படிவம் கொண்டுவந்து, அவரைப் போன்றவர்களிடம் கையெழுத்து வாங்கி, அவர்கள் பெயரை அந்தத் தெற்குப் பிரான்சு ஊரில் பதிவு செய்தார்கள். அவருக்குப் பதிலாக அங்கிருக்கும் ஒருவர் அவருடைய ஓட்டைப் போடுவார். அதுவும் சட்டப்படி சரியாம்.

நான் இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். வயதானால் கோபம் தணிந்துவிடும் என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. முதலில் அடுத்தவர்கள் மேல் இருந்த கோபம் வருடம் போகப் போக என் பக்கமே திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த வாய்க்காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊருக்குள்ளிருந்து சாக்கடையும் மழைத்தண்ணீருமாக வந்து, எங்கள் தெருக்கோடி வழியாக, பழைய துறைமுகப் பக்கம் கடலில் சேரும். தெருக்கோடியில் பிரெஞ்சுக்காரன் காலத்து மதகு ஒன்று இருந்தது. இரும்புக் கதவு, மேலே திருகுவதற்குச் சக்கரம். கடல் ஏறும் நேரத்தில் கதவை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்புத்தண்ணீர் தெருவுக்குள் வரும். கடல் இறங்கும் நேரத்தில் கதவைத் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊர்த் தண்ணீர் முழுக்க எங்கள் வீடுகளுக்குள் வரும். அதைப் பார்த்துக்கொள்ள அரசாங்க வாட்ச்மேன் ஒருவர் இருந்தார். அவர் செத்துப்போன பிறகு அந்த வேலைக்கு ஆளே போடவில்லை. அந்தச் சக்கரத்தை அண்ணன் எடுத்துக்கொண்டார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. மில்லிலிருந்து பழைய கிரீஸ் கொண்டுவந்து தடவுவார். மழைக்காலத்தில் ஷிஃப்டுக்குப் போகும்போதும் வரும்போதும் கடலைப் பார்த்துவிட்டுக் கதவை ஏற்றி இறக்கிவிட்டுப் போவார். எட்டு வருடம் இதைச் செய்தார். அந்த எட்டு வருடமும் எங்கள் தெருவில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டவில்லை. நாங்கள் அதை மழையின் கருணை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு வேலை கிடைத்தது. எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே தொடக்கப்பள்ளி. சேர்ந்த இரண்டாம் வருடம் வாக்காளர் பட்டியல் திருத்தும் வேலையைக் கொடுத்தார்கள். வாத்தியார்களுக்கு எப்போதும் கொடுப்பதுதான். வீடு வீடாகப் போய், செத்தவர்களை நீக்கி, கல்யாணமாகி வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனின் பெயர் எங்கள் பட்டியலிலும் இருந்தது. அவருக்கு இருபத்தொரு வயதானபோது கணக்கெடுக்க வந்தவர் வீட்டிலிருந்த எல்லோரையும் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். அண்ணனும் இரண்டு மூன்று தேர்தலில் விரலில் மை வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அது கூடாது என்று அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று நான் கேட்டதில்லை. தெரிந்தேதான் போட்டிருப்பார் என்றும் இப்போது தோன்றுகிறது. போட்டிருந்தால் என்ன?

அந்தச் சமயத்தில்தான் மதகை அடைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. வாய்க்காலின் அந்தக் கரையில் புதிதாக ஒரு குடியிருப்பு வந்துகொண்டிருந்தது. மதகு துருப்பிடித்துவிட்டது, அதைச் செங்கல் வைத்துக் கட்டிவிட்டுத் தண்ணீரைப் புது வாய்க்கால் வெட்டித் தெற்கே கொண்டுபோய்விடலாம் என்று திட்டம். புது வாய்க்கால் வரைபடத்தில் மட்டும்தான் இருந்தது. எங்கள் பகுதியின் கட்சிச் செயலாளர் அந்தத் திட்டத்துக்குப் பெரிய ஆதரவு. எந்தக் கட்சி என்பது முக்கியமில்லை, எல்லாக் கட்சியிலும் அவரைப் போல் ஒருவர் இருந்தார். அண்ணன் வீடு வீடாகப் போனார். "புது வாய்க்கால வெட்டட்டும், நான் வேணாங்கல. வெட்டி முடிச்சிட்டு இத அடைக்கட்டும். இத மொதல்ல அடைச்சா தண்ணி எங்கப் போவும்? நம்ம அடுப்படிக்குத்தான்" என்று எல்லோரிடமும் சொன்னார். நிறையப் பேர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். செயலாளருக்கு அது பிடிக்கவில்லை.

ஒரு வாரத்தில் என் மேசைக்கு ஓர் ஆட்சேபணைப் படிவம் வந்தது. இன்னார் இந்தியக் குடிமகன் அல்ல, பெயரை நீக்க வேண்டும். ஆட்சேபிப்பவரின் கையெழுத்து என் அப்பாவுடையது. அப்பாவும் செயலாளரும் பெரிய மார்க்கெட்டில் ஒரே கடையில் பேப்பர் படிக்கிற சிநேகிதர்கள். வீட்டுக்கு வந்து, "எதுக்குப்பா இதுல கையெழுத்துப் போட்டீங்க?" என்று கேட்டேன். "பொய்யா எழுதியிருக்கேன்? அவன் பிரெஞ்சுக்காரன்தான? இங்க ஒரு ஓட்டு, அங்க ஒரு ஓட்டுன்னு ஆளுக்கு ரெண்டு வச்சிக்கலாமா? சட்டம் என்னா சொல்லுதோ அதச் செய்யி" என்றார். சட்டம் சொன்னதைச் செய்தேன். விசாரணைக்கு அண்ணனைக் கூப்பிட்டார்கள். போனார், பொய் சொல்லவில்லை, பிரெஞ்சு அடையாள அட்டையை எடுத்து வைத்தார். பெயரை அடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அவருடைய பெயர் மேல் சிவப்பு மையில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது நான்தான். அதே வீட்டில் அடுத்த வரியில் அண்ணியின் பெயர் இருந்தது. அண்ணி விழுப்புரம் பக்கத்துப் பெண், இந்தியக் குடிமகள். அந்தப் பெயரின் மேல் மை படாமல் கவனமாகக் கோடு போட்டேன். அந்தக் கவனத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அடுத்த மாதம் எங்கள் பள்ளி வராந்தாவில் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. திட்டம் போட்ட துறையின் பொறியாளர் வந்திருந்தார். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார், வெளியூர்க்காரர், எல்லோருக்கும் கும்பிடு போட்டார். வரைபடத்தைக் கரும்பலகையில் ஒட்டி விளக்கினார். தெருவே வந்திருந்தது. பள்ளி என்னுடையது என்பதால் நாற்காலி போட்டது, தண்ணீர் வைத்தது எல்லாம் நான். வாக்காளர் பட்டியலும் என்னிடம்தான் இருந்தது, வந்தவர்கள் இந்தப் பகுதிக்காரர்களா என்று சரிபார்க்க. பொறியாளர் பேசி முடித்ததும் அண்ணன் எழுந்தார். சட்டைப் பொத்தானை மேல்வரைக்கும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். "சார், அந்த மதகு துருப்பிடிக்கல. போன வாரம்கூட நான் திருப்பினேன். கடல் ஏறுற நேரம் ஒண்ணு இருக்குது சார்…" என்று ஆரம்பித்தார்.

அவ்வளவுதான் பேசினார். செயலாளர் எழுந்துவிட்டார். "ஐயா, ஒரு நிமிசம். இவரு நம்ம நாட்டுக்காரரே கெடையாது. பிரெஞ்சுக்காரரு. இது இந்த ஊரு வாக்காளருங்க கூட்டம். வோட்டர் லிஸ்டுல இவரு பேரு இருந்தாப் பேசட்டும், நான் உக்காந்துக்கறேன்" என்றார். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். யாரோ பிரெஞ்சில் நன்றி சொல்வதுபோல் "மெர்சி முசியே" என்று கத்தினார்கள், அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. பொறியாளருக்குச் சங்கடமாகிவிட்டது. என் பக்கம் திரும்பி, "பேரு இருக்கா மேடம்?" என்று கேட்டார்.

நான் பட்டியலைப் புரட்டினேன். புரட்ட வேண்டிய தேவையே இல்லை. எந்தப் பக்கம், எத்தனையாவது வரி எல்லாம் எனக்குத் தெரியும். புரட்டிவிட்டு, "இல்ல சார்" என்றேன்.

"மன்னிக்கணும், அப்ப நீங்க உக்காருங்க" என்றார் பொறியாளர். அண்ணன் உட்காரவில்லை, நின்றார். என்னைப் பார்க்கவும் இல்லை. கரும்பலகையில் இருந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அண்ணி எழுந்தார். கையில் சின்ன மகள். "என் பேரு இருக்குதுல்ல? எனக்கு ஓட்டு இருக்குதுல்ல? அப்ப நான் பேசறேன். கடல் ஏறும்போது…" என்று அண்ணன் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். செயலாளர் கையை வீசினார். "வூட்டுக்காரரு எழுதிக் குடுத்தத ஒப்பிக்கறதுக்கு இது பள்ளிக்கூடம் இல்லம்மா. உக்காரு." பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டு அதைச் சொன்னார். மறுபடி சிரிப்பு. அண்ணி உட்கார்ந்தார். அண்ணன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே போனார். மனுவில் கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் அங்கே இருந்தோம். மதகை அடைக்கலாம் என்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள். முக்கால்வாசிக் கைகள் மேலே போயின. நான் அரசு ஊழியர், கையைத் தூக்கவில்லை. அந்தச் சாக்கைக் கொஞ்ச காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் மதகைக் கட்டி முடித்தார்கள். கார்த்திகையில் புயல் சின்னம். மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் விடிந்தபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. எட்டு மணிக்கு இடுப்பு. கறுப்புத் தண்ணீர், ஊர்ச் சாக்கடை அத்தனையும் அதில் இருந்தது. அப்பாவை மேசைமேல் ஏற்றி உட்கார வைத்தோம். ஒன்பது மணி வாக்கில் தெருமுனையில் பெரிய சத்தம். மூலை வீட்டின் மண்சுவர் ஊறிச் சரிந்துவிட்டது. அந்த வீட்டில் பெரிய மார்க்கெட் வாசலில் பூ விற்கும் ஓர் அம்மா தனியாக இருந்தார். அரிசிப் பானையை எடுத்து மேலே வைக்க உள்ளே போனவர் மேல் சுவர் விழுந்தது. வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. ஒவ்வொரு தேர்தலிலும் முதல் ஆளாக வரிசையில் நிற்பவர் அவர். கூட்டத்தில் அவரும் கையைத் தூக்கியிருந்தார். செயலாளர் தூக்கச் சொன்னார், அந்த அம்மா தூக்கினார். அடுத்த திருத்தத்தில் அவருடைய பெயரையும் அதே சிவப்பு மையில் நான்தான் அடித்தேன்.

அந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய் வைத்த கையோடு அண்ணன் தன் வீட்டுக்குள் போய்க் கடப்பாரையோடு வந்தார். யாரையும் கூப்பிடவில்லை. வாய்க்காலில் இறங்கி மார்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு அந்தப் புதுச் சுவரை இடிக்க ஆரம்பித்தார். நான் மொட்டைமாடிப் படியில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு குத்துக்கும் அவர் வாயிலிருந்து ஏதோ வந்தது, மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு மில் தொழிலாளிகள் இறங்கினார்கள். பிறகு இன்னும் நாலு பேர். பன்னிரண்டு மணிக்குச் சுவரில் ஓட்டை விழுந்தது, கடல் இறங்கிக்கொண்டிருந்த நேரம், தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. நாலு மணிக்கு எங்கள் வீட்டுத் தரை தெரிந்தது. அப்பா மேசையிலிருந்து இறங்கி, வேட்டியைப் பிழிந்துகொண்டே, "நல்ல வேளை, மழை விட்டுச்சு" என்றார். மழை விடவில்லை. அப்போதும் பெய்துகொண்டுதான் இருந்தது.

அரசாங்கச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாகப் பத்து நாளில் வழக்குப் பதிவானது. இடித்தது ஏழு பேர். வழக்கு ஒருவர் மேல். மற்ற ஆறு பேரின் பெயரையும் அண்ணன் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அவர் வெளிநாட்டவர் என்பதால் வருடா வருடம் போலீசில் பதிந்து தங்கும் அனுமதி வாங்க வேண்டும். வழக்கு இருந்தால் அனுமதி கிடைக்காது. "நீங்களாப் போயிட்டா மரியாதை. இல்லன்னா நாங்க அனுப்பறாப்ல ஆயிடும்" என்று ஓர் அதிகாரி சொன்னாராம். அண்ணன் என்னிடம் வந்து சொன்னபோது முகத்தில் கோபம்கூட இல்லை, விளங்காத கணக்கைப் பார்க்கும் பிள்ளையின் முகம். "எங்கப் போவச் சொல்றாங்க பாப்பா? நான் இங்கதான இருக்கறேன்" என்றார்.

இதில் என்னை மிகவும் எரிய வைத்தது எது தெரியுமா? அந்த அதிகாரி அல்ல, செயலாளரும் அல்ல. தெருவே அவருக்கு வாழ்த்துச் சொன்னதுதான். "பிரான்ஸ் போறீங்களாமே ஃபிட்டரே, குடுத்து வச்சவரு" என்றார்கள். "பாஸ்போர்ட்ட வச்சிக்கிட்டு இத்தினி நாளு எதுக்கு இங்கக் கெடந்தீங்க?" என்றார்கள். அவருடைய வேலை, வீடு, மொழி, மனைவியின் ஊர், அப்பாவின் சமாதி எல்லாவற்றிலிருந்தும் ஒருவரைப் பிய்த்து எறிகிறார்கள், சுற்றி நிற்பவர்கள் பொறாமைப்படுகிறார்கள். அவருக்காக ஒரு மனு எழுதினேன், இந்தத் தெருவைக் காப்பாற்றியவர், வழக்கைக் கைவிட வேண்டும் என்று. இருபது வீடு ஏறி இறங்கினேன். ஒன்பது கையெழுத்து. என் அப்பா போடவில்லை. "அவன் அங்கப் போனா நல்லா இருப்பான். நீ குறுக்கப் பூந்து கெடுக்காத" என்றார். அப்பாவை நான் கடைசிவரை பார்த்துக்கொண்டேன், மருந்து கொடுத்தேன், கொள்ளி வைத்தபோது அழுதேன். அந்த வாக்கியத்தை மட்டும் மன்னிக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை, அண்ணனும் அண்ணியும் இரண்டு மகள்களும் மெட்ராஸ் பஸ்ஸில் ஏறினார்கள். அண்ணிக்கு ஏறும்போது செருப்பு கழன்று விழுந்தது. கண்டக்டர் எடுத்துக் கொடுத்தார். அதற்கு மேல் எனக்கு எதுவும் நினைவில்லை.

வருடத்துக்கு ஒன்றிரண்டு கடிதம் வரும். பாரிசுக்கு வெளியே ஒரு புறநகரில், பத்து மாடிக் குடியிருப்பில் வீடு. கிடங்கு ஒன்றில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டினார். அண்ணிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. மகள்கள் ஆறே மாதத்தில் பிரெஞ்சில் சண்டை போடக் கற்றுக்கொண்டார்கள். ஒரு கடிதம் மட்டும் எனக்கு மனப்பாடம். பக்கத்து வீட்டில் அல்ஜீரியாக்காரர் ஒருவர் இருந்தாராம். அந்தக் கட்டடம் எழும்போது கொத்தனாராக வந்தவர், கட்டி முடித்து அதிலேயே குடியேறி இருபது வருடம் ஆகிறது. "பாப்பா, இந்த வீட்டுச் செவுத்துல எங்க எந்தக் குழாய் ஓடுதுன்னு அவருக்குத்தான் தெரியும். லிஃப்டு ரிப்பேரு, தண்ணி ஒழுவுது, எல்லாத்துக்கும் அவரத்தான் கூப்புடறாங்க. ஆனா தேர்தல் வந்தா எல்லாரும் என் கதவத்தான் தட்டறாங்க. நான் வந்து ஒரு வருசம் ஆவல, எனக்கு இங்க ஓட்டு இருக்குது. அவருக்கு இல்ல. அவங்களுக்கும் குடுக்கப் போறதா ஒரு பேச்சு இருக்குது, எப்பன்னு யாருக்கும் தெரியல. அவரப் பாத்தா எனக்கு வெக்கமா இருக்குது" என்று எழுதியிருந்தார். அண்ணனை வெளியே தள்ளிய அதே கதவின் உள்பக்கத்தில் இப்போது அவரே நின்றுகொண்டிருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. எங்களில் எத்தனை பேருக்கு இருந்தது?

எண்பதுகளின் கடைசியில், அப்பா போன மறு வருடம், அண்ணன் ஒரு முறை வந்தார். தனியாக, மூன்று வாரத்துக்கு. தலை பாதி நரைத்திருந்தது. என் வீட்டில் சாப்பிடும்போது, விமான நிலையத்தில் கொடுத்த படிவத்தைப் பற்றிச் சொன்னார். எதற்காக வந்தீர்கள் என்று ஒரு கேள்வி இருந்ததாம். "என்னா எழுதுனீங்க?" என்று கேட்டேன். "சுற்றுலான்னு எழுதுனேன். வேற எதுவும் அந்தக் கட்டத்துல பொருந்தல" என்றார். சாம்பாரை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்.

சாயங்காலம் வாய்க்கால் பக்கம் நடந்தோம். மதகு இருந்த இடத்தில் இடிந்த சுவரை அப்படியே விட்டிருந்தார்கள். புது வாய்க்கால் அப்போதும் வரைபடத்தில்தான் இருந்தது. அங்கே நின்றபோது, இத்தனை வருடம் நெஞ்சுக்குள் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். "அண்ணே, உங்க பேர அடிச்சது நான்தான்."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும். லிஸ்ட்ட பள்ளிக்கூடத்துச் செவுத்துல ஒட்டியிருந்தாங்களே, வந்து பாத்தன். எவ்ளோ நேரா கோடு போட்டிருக்கே, நீதான்னு தெரிஞ்சிது" என்றார். இடிந்த சுவரின் செங்கல் ஒன்றைக் காலால் தள்ளிவிட்டு, "அதுக்கு நீ என்னா பண்ணுவே? சட்டம் சொல்லுச்சு, அடிச்சே. நானா இருந்தாலும் அடிச்சிருப்பேன்" என்றார். மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "ஆனா அந்தக் கூட்டத்துல இஞ்சினியர் உன்னக் கேட்டாரே. பேரு இல்லன்னு சொன்னே, சரி. எட்டு வருசமா இந்த மனுசன்தான் இதத் தெறந்து மூடறாருன்னு ஒரு வார்த்த சொல்லலியே, ஏன்? சட்டம் என் பேரத்தான் எடுத்துது பாப்பா. உன் வாய யாரு கட்டுனா?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "வா, இருட்டறதுக்குள்ள போலாம்" என்று முன்னால் நடந்தார்.

அவர் கண்ணை மூடிப் பல வருடங்கள் ஆகின்றன. அங்கேயே புதைத்தார்கள். மூத்த மகள் எழுதிய கடிதத்தில் ஒரு விஷயம் இருந்தது. அண்ணன் என்னிடம் அதைச் சொன்னதே இல்லை. அவர்கள் குடியிருப்பின் குழாய்களை மாற்றுவது பற்றி நகராட்சி ஒரு கூட்டம் கூட்டியதாம். ஓட்டுள்ளவர்கள் மட்டும் பேசலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்களாம். அண்ணன் முறை வந்தபோது எழுந்து, தன் அரைகுறைப் பிரெஞ்சில், எனக்குக் குழாயைப் பற்றி ஒன்றும் தெரியாது, என் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும், என் நேரத்தில் அவர் பேசட்டும் என்றாராம். முடியாது என்றார்கள். உட்காரச் சொன்னார்கள். இவர் உட்காரவில்லை. அடுத்தவரைப் பேசக் கூப்பிட்டார்கள். இவர் நின்றுகொண்டே இருந்தாராம். கத்தவில்லை, சண்டை போடவில்லை, சட்டைப் பொத்தானை மேல்வரைக்கும் போட்டுக்கொண்டு சும்மா நின்றாராம். முக்கால் மணி நேரம் ஆன பிறகு, சரி, அந்த ஆளே பேசித் தொலைக்கட்டும் என்றார்கள். அல்ஜீரியாக்காரர் எழுந்தார். அப்பா உட்கார்ந்தார் என்று எழுதியிருந்தாள் மகள்.

எங்கள் பகுதியில் இன்றைக்கும் கூட்டம் போடுகிறார்கள். மேம்பாலம் எங்கே வர வேண்டும், குப்பையை எங்கே கொட்ட வேண்டும் என்று. பாலத்தைக் கட்ட வடக்கேயிருந்து வந்து, தகரக் கொட்டகையில் பிள்ளைகளோடு இருப்பவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. குப்பை அவர்கள் கொட்டகைக்குப் பக்கத்தில்தான் கொட்டப்படுகிறது. தண்ணீர் ஒரு வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் எந்த நாட்டு அட்டை வைத்திருக்கிறாய் என்று கேட்பதில்லை. கூட்டங்கள்தான் கேட்கின்றன. யாருடைய தலையில் விழுமோ அவரைக் கேட்காமல் எடுக்கிற முடிவுக்கு எத்தனை கைகள் உயர்ந்தாலும் அது என்ன முடிவு? இதைப் புரிந்துகொள்ள எனக்குப் படிப்பு போதவில்லை. ஒரு பூக்கார அம்மா சாக வேண்டியிருந்தது, ஒரு மனிதர் ஊரைவிட்டுப் போக வேண்டியிருந்தது.

பிரெஞ்சே சரியாகத் தெரியாத ஒருவர், யாரோ ஓர் அந்நியருக்காக முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார். என் சொந்தப் பள்ளியில், என் சொந்த மொழியில், "அவரு பேசட்டும் சார்" என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?